அண்ணை வைத்த சுவர்

என் அண்ணை சொன்னதெல்லாம் புளுகு என்று நான் முடிவுகட்டியது பிரான்சில் ஒரு மலைக்கோட்டையின் வாசலில் வைத்து. லண்டனிலிருந்து லூர்து மாதாவிடம் போகிற கோச்சில் போயிருந்தோம். நாங்கள் சைவக்காரர்தான். ஆனாலும் லண்டனில் இருக்கிற யாழ்ப்பாணத்தாரில் லூர்துக்குப் போகாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிங்ஸ்பரியில் விடியற்காலை ஏறி, கட்லட்டும் புளிச்சாதமும் கைமாறி, தேவாரம் பாதி மாதா பாட்டு பாதியாகப் போய்க்கொண்டிருந்தது கோச். இரண்டாம் நாள் முற்பகல் வழிப்பலகை ஒன்றில் அண்ணை அடிக்கடி சொல்லும் ஊரின் பெயரைக் கண்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஆற்றுக்கு மேலே, குன்றின் உச்சியில், மஞ்சள் வெயிலில் கோட்டை நிற்கிறது. எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பி நின்று, "என்ரை அண்ணை கட்டின கோட்டை உதுதான்! ஒருக்கா நிப்பாட்டுங்கோ, எல்லாரும் பாத்திட்டுப் போவம்" என்று கோச் முழுவதும் கேட்கக் கத்தினேன்.

அண்ணை யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர்; வெள்ளைச் சேட்டின் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, காதில் பேனை செருகிக்கொண்டு நிற்கிற ஆள். நான் கலியாணம் செய்து லண்டனுக்கு வந்தேன். அவர் சண்டை முற்றிய காலத்தில் எங்கெங்கோ அலைந்து பிரான்சில் இறங்கினார். அவருடைய அகதி விண்ணப்பம் இரண்டு முறை தள்ளுபடியானது. கோப்பை கழுவினார், மரக்கறிப் பெட்டி தூக்கினார். அந்த நாட்களில் எங்களுக்கு இடையில் இருந்தது ஓர் ஆங்கிலக் கால்வாய்த் தண்ணீர்தான். ஆனால் அவரிடம் வதிவிடக் கடதாசி இல்லாததால் அவர் வர முடியாது; எங்கள் அகதி வழக்கு முடியாததால் நாங்கள் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் டெலிபோன் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், "பிள்ளை, நான் இப்ப கோட்டை கட்டுறன்" என்றார். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் கோப்பை கழுவிய சாப்பாட்டுக் கடைக்கு வந்துபோகிற கல்வேலைக்காரர் ஒருவருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்களாம். பழைய கோட்டை இடிந்து கிடக்கிறது, அதைத் திரும்ப எழுப்புகிறார்கள், தான் அங்கே கல் தூக்கப்போய் இப்போது கல் வைக்கவும் பழகிவிட்டதாகச் சொன்னார். அதிலிருந்து நாலு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் கோட்டைக் கதைதான். சீமெந்து தொடக்கூடாதாம், சுண்ணாம்புச் சாந்துதானாம். பனி கொட்டுகிற மாதங்களில் சாந்து இறுகாதென்று சுவருக்குச் சாக்குப் போர்த்துவிடுவார்களாம். ஆற்றுப் பக்கத்துச் சுவர் முழுக்கத் தன் கையால் எழும்பியதாம். "நீ வந்தியெண்டால் காட்டுவன். அதிலை சாஞ்சு நிண்டு ஒரு படம் எடுக்கவேணும்" என்பார்.

எங்கள் வீட்டில் அவருக்கு 'கோட்டை மாமா' என்று பெயர் விழுந்தது. அதை வைத்தது நான்தான். என் கணவரும், "இஞ்சை பாரும், உம்மடை கொண்ணர் இண்டைக்கு எந்த ராசாவோடை கதைச்சவராம்?" என்று கேட்பார். கொத்தரிடம் ஒரு நாள்கூட வேலை செய்திராத சங்கக்கடை மனேச்சர் பிரான்சுக்காரனுடைய கோட்டையைக் கட்டுகிறார் என்றால் யார் நம்புவது? தனியே ஓர் அறையில் கிடக்கிற மனுசன், எங்களைச் சந்தோசப்படுத்தக் கொஞ்சம் கூட்டிக் கதைக்கிறார், கதைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டோம். பிறகு வெகுகாலம் கழித்து அவருக்கு விசா கிடைத்து, ஒருமுறை லண்டனுக்கு வந்தார். சமைக்கிற குசினிப் பக்கம் நாங்கள் நீட்டிக் கட்டியிருந்த சுவரை விரலால் தடவிப் பார்த்து, "சீமெந்து கூடிப்போச்சு. சுவர் மூச்சுவிட இடமில்லை. ஈரம் உள்ளை நிண்டிடும்" என்றார். "பெரிய மேசன் வந்திட்டார்" என்று நான் எல்லாருக்கும் முன்னால் சிரித்தேன். இரண்டு மாரிக்குள் அந்தச் சுவரில் பூஞ்சணம் பிடித்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

இப்படியெல்லாம் சிரித்தவள்தான் கோச்சில் எழும்பிப் பெருமையடித்தேன். நம்பாவிட்டாலும், அந்த ஊரையும் கோட்டையையும் நேரில் கண்டவுடன் மனம் ஒரேயடியாக நம்பிவிட்டது. சாரதி நிறுத்தினார். சேலைக்குக் கீழே சப்பாத்து போட்டுக்கொண்டு முப்பது நாற்பது பேர் கல்லுப் பாதையில் மூச்சு வாங்கி ஏறினோம். வயதானவர்கள் நாலைந்து பேர், "பிள்ளையின்ரை அண்ணை கட்டினதாம்" என்பதற்காகவே ஏறினார்கள். வாசல் வளைவுக்குள் ஒரு பெரிய மரப்பலகை. கோட்டையைத் திருத்தியெழுப்பிய அத்தனை வேலையாட்களுடைய பெயர்களும் அதில் வெள்ளை எழுத்தில் இருந்தன. எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "எங்கை, எங்கை?" என்றார்கள். நான் அண்ணையின் பெயரில் தேடினேன். வெள்ளைக்காரர் எங்கள் பெயர்களை முன்பின்னாகப் போடுவார்கள் என்று ஐயாவின் பெயரிலும் தேடினேன். மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். இல்லை. ஒரேயொரு தமிழ்ப் பெயர் இருந்தது. அது வேறு யாரோ ஒருவருடைய பெயர்.

அந்த நேரம் என் முகம் எரிந்தது இன்றைக்கும் ஞாபகமிருக்கிறது. பின்னால் நின்ற ஒரு அன்ரி, "பரவாயில்லைப் பிள்ளை, எல்லாற்ற பேரும் போடேலுமே" என்றார். அந்த ஆறுதல்தான் எனக்கு ஆகவேயில்லை. ஆற்றுப் பக்கம் போய் அந்தச் சுவரை ஒருமுறை பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. கோச்சுக்குத் திரும்பியதும், யாரும் கேட்பதற்கு முன்னால் நானே ஒலிவாங்கியை வாங்கி, "என்ரை அண்ணை மனக்கோட்டைதான் கட்டியிருக்கிறார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறர் சிரிக்கமுன் நாமே சிரித்துவிட்டால் வெட்கம் குறையும் என்பது என் பழக்கம். அது யாரைக் கொடுத்து வாங்கிய சிரிப்பு என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்று பின்னேரம் லூர்தில் விடுதி வாசலில் நின்று அண்ணைக்கு டெலிபோன் அடித்தேன். கோட்டைக்குப் போனதைச் சொன்னதும் அவருடைய குரல் அப்படியே மலர்ந்தது. "போனனியே? ஆத்துப் பக்கம் பாத்தனியே?" என்றார். நான் பலகையைப் பற்றிச் சொன்னேன். "உங்கடை பேர் இல்லை, அண்ணை. வேறை ஒரு தமிழராளின்ரை பேர் கிடக்கு. அந்த மனுசன் பட்ட பாட்டை நீங்கள் உங்கடை கதையெண்டு இவ்வளவு காலமும் சொல்லியிருக்கிறியள். நாலு பேருக்கு முன்னாலை எனக்கு வெக்கமாப் போச்சு."

பக்கத்தில் மெழுகுதிரி விற்கிறவனின் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "அப்பிடியே பிள்ளை" என்றார். "விட்டிட்டிருப்பினம்." இன்னும் ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. ஆனால், "சாப்பிட்டனியே? குளிருக்கு ஏதும் போட்டிருக்கிறியே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் நிற்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு, என் முழங்கால் வலி, அவர் பின்னாளில் போய்க் குடியிருந்த பாரிசில் மீன் விலை எல்லாம் கதைப்போம். கோட்டை என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒருமுறை என் மகள் விளையாட்டாக, "கோட்டை மாமா" என்று தொடங்கியபோது, "அது சும்மா கதை, அம்மாச்சி" என்றாராம். பிழை பிடிபட்டதும் திருந்திவிட்டார் என்று நான் எனக்குள் மெச்சிக்கொண்டேன்! அவர் கலியாணம் செய்யவில்லை. வதிவிடக் காட் கிடைக்கட்டும், கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டு, அது கிடைத்தபோது வயது போய்விட்டது. போன வருடத்துக்கு முதல் வருட மாரியில், மாடிப்படி ஏறும்போது இருதயம் நின்று, சாமான் பையோடு படியிலேயே இருந்துவிட்டார்.

செத்தவீட்டுக்கு நானும் மகளும் ரயிலில் போனோம். பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன மண்டபம். வந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அதில் ஊன்றுகோலோடு வந்திருந்த ஒரு வயோதிபர் என்னைவிடக் கூடுதலாக அழுதார். முன்பு மளிகைக்கடை வைத்திருந்தவராம். பெட்டி உள்ளே போனபிறகு என்னைத் தனியே கூப்பிட்டுத் தன் பெயரைச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் எங்கேயோ கண்டது மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

"தங்கச்சி, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்" என்றார். "உங்கடை அண்ணர் நாலு வருசம் என்ரை பேரிலைதான் வேலை செய்தவர். எனக்கு வேலை செய்யிற காட் இருந்தது, அவருக்கு இல்லை. நான் மச்சானின்ரை கடையிலை பதிவில்லாமல் பேசாமல் நிண்டன். அவர் என்ரை காட்டைக் கொண்டு கோட்டை வேலைக்குப் போனவர். வெள்ளையளுக்கு எங்கடை முகமெல்லாம் ஒண்டுதானே. ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ எண்டு சத்தியம் வாங்கினது நான்தான். அந்த நேரம் எங்கடை சனமே காட்டிக்குடுத்து மொட்டைப் பெட்டிசம் போடும், தெரியும்தானே."

அவர் தொடர்ந்தார். "நீங்கள் லூர்துக்குப் போயிட்டுப் போன பிறகு ஒருநாள் கடைக்கு வந்தவர். 'தங்கச்சிக்கு மட்டும் சொல்லட்டோ, அவள் என்னைப் பொய்யன் எண்டு நினைக்கிறாள்' எண்டு கேட்டவர். நான் பயந்தாங்கொள்ளி. பென்சன் எடுக்கிற வயசு வருது, ஆரும் கிண்டினால் எல்லாம் போயிடும் எண்டு, வேண்டாம் எண்டிட்டன். 'அவவுக்கு வாய் நிக்காதெண்டு நீர்தானே சொல்லுறனீர்' எண்டும் கேட்டன். அவர் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிட்டார்."

அவரைக் கோபிக்க எனக்கு நாக்கு எழவில்லை. ஏனென்றால் காட் இரவல் வாங்கி வேலை செய்வது எனக்குத் தெரியாத சங்கதியா? லண்டனுக்கு வந்த புதிதில் என் கணவரே இரண்டு வருடம் இன்னொருவருடைய இன்சூரன்ஸ் நம்பரில் பெற்றோல் செட்டில் நின்றவர். வேலையிடத்துக்கு டெலிபோன் எடுத்தால் அந்த ஆளின் பெயரைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். மகளுக்குக் காய்ச்சல் என்று பதறிக்கொண்டு எடுத்தபோதுகூட அந்தப் பெயரைத் தவறாமல் சொன்னவள் நான். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் அடுப்பு மூட்டினார்கள். இவ்வளவும் தெரிந்த நான், பலகையில் ஒரே ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டும் ஒரு நிமிடம் நின்று யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரியாமல் இல்லை. அண்ணை பொய் சொல்லியிருக்கிறார் என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு வசதியாக இருந்தது.

இந்த வருடம் வசந்தகாலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் அந்தக் கோட்டைக்குப் போனேன். கல்லுப் பாதையில் இப்போது கைப்பிடி போட்டிருக்கிறார்கள். ரிக்கற் கொடுக்கிற இடத்தில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர். முன்பு அங்கேயே கல்வேலை செய்தவராம். மகள் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்துச் சமாளித்து, பலகையில் இருந்த அந்தத் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நன்றாகத் தெரியுமாம். நாலு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தவராம். முதல் சில மாதம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியே பார்க்கமாட்டாராம். காது மந்தம் என்று நினைத்து, தோளில் தட்டித்தான் கூப்பிடுவார்களாம். "பிறகு ஒருநாள் காது சரியாகிவிட்டது" என்று சொல்லிச் சிரித்தார். மகள் அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவரே எங்களை ஆற்றுப் பக்கம் கூட்டிப்போனார். அடியில் கறுத்த பழைய கல், மேலே வெளிறிய புதுக் கல். இரண்டும் சேருகிற இடத்தில் விரல் தடிப்பில் ஒரு செங்கல் வரிசை ஓடுகிறது. பின்னால் வருகிறவர்கள் எது பழையது, எது புதிதாய் வைத்தது என்று ஏமாறக் கூடாதென்று அப்படி அடையாளம் வைப்பார்களாம். கல்லுக்குக்கூட அவ்வளவு நேர்மை பார்த்திருக்கிறார்கள். அந்தச் செங்கல் கோட்டுக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்துக்கு, நீளமாகப் போகிற சுவர் முழுக்க அண்ணை வைத்தது. சாந்து பூசிய இடங்கள் காய்ந்து, வெள்ளையாக, ஒரே சீராக இருந்தன. நான் அதில் கையை வைத்தேன். பிறகு நெற்றியை வைத்தேன். என்னால் அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். மன்னிப்புக் கேட்க அங்கே சுவரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. மீசைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளிப்போய் நின்றார்.

திரும்பி வரும்போது அவர் ஒரு செய்தி சொன்னார். மழைபட்டுப் பலகை உக்கிவிட்டதாம், அடுத்த வருடம் புதிதாக எழுதப்போகிறார்களாம். பிழை ஏதும் இருந்தால் இப்போதே சொன்னால் திருத்தலாம் என்றார். மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, சொல்லுங்கோ. மாமாட பேர் இருக்கவேணும். இட்ஸ் நொட் ஃபெயர்." நான் வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்று, செத்தவீட்டில் கண்ட அந்த மளிகைக் கடைக்காரருக்கு டெலிபோன் அடித்தேன். விசயத்தைச் சொன்னேன். பின்னால் அவருடைய மனைவி இருமிக்கொண்டிருந்தா; படுக்கையில் கிடக்கிறவ.

"தங்கச்சி, கடிதம் வேணுமெண்டால் எழுதித் தாறன்" என்றார் கடைசியில். "உண்மைதானே. நான் ஒருநாளும் அந்தக் கோட்டையைக் கண்ணாலை கண்டதில்லை. என்ன வந்தாலும் பாப்பம்." சொல்லும்போதே குரல் நடுங்கியது. எழுபத்தைந்து வயது தாண்டிய மனுசன். அந்த நாலு வருட வேலையும் சேர்ந்துதான் அவருடைய பென்சன். அண்ணை பதினொரு வருடம் பொய்யர் என்ற பெயரோடு இருந்தது இந்த மனுசனுக்காகத்தானே. அண்ணை வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அவர் காத்ததை நான் போய் உடைக்கவா? "வேண்டாம் அண்ணை, நீங்கள் ஒண்டும் எழுதவேண்டாம். அக்காவைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மீசைக்காரரிடம் போய், பலகையில் பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லச்சொல்லி மகளிடம் சொன்னேன். மகள் என்னோடு கோபித்துக்கொண்டு, வழிநெடுக ரேடியோவைச் சத்தமாகப் போட்டபடி கார் ஓட்டினாள்.

கிங்ஸ்பரிக்கு வந்து சேர்ந்தும் மனம் ஆறவில்லை. பலகையில்தான் இல்லை, எழுத்திலாவது இருக்கட்டும் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் வசனத்திலேயே அண்ணையின் முழுப் பெயரையும் போட்டிருந்தேன். ஐயாவின் பெயர், ஊர்ப் பெயர், கோட்டையின் பெயர், எல்லாம். வாசித்துப் பார்த்தேன். பாரிசில் அவரைத் தெரிந்தவர்களுக்கு, அவருடைய சிநேகிதரான கடைக்காரர் யார் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். எனக்கு வாய் நிற்காது என்று அண்ணை சொன்னது சரிதான். எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஊரை வெட்டினேன், கோட்டையை வெட்டினேன், கடைசியாக அண்ணையின் பெயரையும் வெட்டினேன்.